ஆழ்கடல் மீனும் அதிபத்தர் அன்பும்

நாகை நுளைப்பாடியில் அவதரித்த அதிபத்த நாயனார், நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களுள் முதல் மீனைச் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விடுத்து வந்தவர். ஆழத்தில் மீன் எங்கே திரிகின்றது என்பதை அவர் கண்டாரில்லை. வலையில் வந்ததை இறைவன் தந்ததாகவே கொண்டார். இந்நாளிலோ மீனவர் வலை வீசுமுன்பே மீன்கூட்டத்தைக் காண்கின்றனர். அவ்வாற்றல் வந்த வரலாற்றைச் சிறிது சிந்திப்போமாக.

கடலுள் ஒளி நெடுந்தொலைவு செல்லாது, ஒலி செல்லும். 1826-ஆம் ஆண்டில் கொலடோன் என்னும் அறிஞர் ஜெனீவா ஏரியில் நீருக்குள் மணியடிக்கச் செய்து, ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,435 மீட்டர் செல்லும் என அளந்தறிந்தார். 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதி மூழ்க, 1,500 பேருக்கு மேல் மாண்டனர். அத்துயரம் அறிஞரை உந்தியது. 1914 ஏப்ரலில் பெசன்டென் என்பார், நியூபவுண்டுலாந்துக்கு அப்பால் கப்பலிலிருந்து நீருக்குள் ஒலியைச் செலுத்தி, ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவிலிருந்த பனிமலையிற்பட்டு மீண்ட எதிரொலியைக் கேட்டார். ஒலி சென்று மீண்ட காலமே தொலைவை உணர்த்திற்று. முதல் உலகப்போரின்போது பிரான்சு நாட்டு லாஞ்சவென், படிகக்கல்லைக்கொண்டு செவிக்கெட்டாத மீயொலியை எழுப்பி, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் வழி கண்டார்.

உயிர் காக்க எண்ணிய கருவி போருக்குச் சென்று, பின்னர் மீன்பிடித் தொழிலுக்கும் வந்தது. மீனின் உடலினுள் உள்ள காற்றுப்பை ஒலியை நன்கு எதிரொலிக்கும். 1935-இல் நார்வே நாட்டு ஆஸ்கார் சுந்து, லோபோடன் கடலில் நீர்மட்டத்துக்கும் கடற்றரைக்கும் இடையே நின்ற காட் மீன்கூட்டத்தை எதிரொலியால் தாளிற் பதித்து வெளியிட்டார். மறைந்திருந்தது வெளிப்பட்டது.

வெளிப்பட்டபின் நிகழ்ந்தது யாது? பெசன்டென் எதிரொலி கேட்ட அதே நியூபவுண்டுலாந்துக் கடலில், 1968-இல் மட்டும் எட்டு இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட காட் மீன் வாரப்பட்டது. பேரிழுவைக் கப்பல்களோடு இக்கருவியும் சேர்ந்தது. மீன் குறைந்தபோதும் எஞ்சிய கூட்டம் நிற்குமிடத்தை அது காட்டிக்கொண்டே இருந்தது. 1992 சூலையில் கனடிய அரசு அம்மீன்பிடியை நிறுத்தியது. ஏறத்தாழ 30,000 பேர் பிழைப்பிழந்தனர்.

அன்பர்களே! குற்றம் கருவியினுடையதன்று. கடலில் எங்கு என்ன உள்ளது என்பதைக் கருவி கூறும்; எதனை விடவேண்டும் என்பதைக் கூறாது. நாயனாருக்குச் சில நாள் ஒரு மீனே கிடைத்தது. சுற்றம் பசித்திருந்தது. அப்பொழுதும் அந்த ஒன்றையே அவர் விடுத்தார். இறுதியில் பொன்மீன் வந்தபோதும் அவர் கை தயங்கவில்லை. விடையேறிய பெருமான் காட்சி தந்தருளினான்.

காணும் ஆற்றல் பெருகிய காலத்தில் விடும் உள்ளமும் பெருகுமாறு, நாகைக் காரோணத்து இறைவன் திருவடிகளைச் சிந்தித்து அமைவோமாக.

திருச்சிற்றம்பலம்.