விளாடிவோஸ்டாக்: ஒரு துறைமுகமும் அதன் கீழ்த்திசைக் கல்லூரியும்

சென்னைக்கும் விளாடிவோஸ்டாக்குக்கும் இடையே நேரடிக் கடல்வழி அமைப்பது குறித்து 2019 செப்டம்பரில் இந்தியாவும் ரஷ்யாவும் ஒப்பமிட்டதிலிருந்து, அந்நகரின் பெயர் நம் நாளிதழ்களில் அவ்வப்போது தென்படுகிறது. பேச்சு பெரும்பாலும் சரக்கு, பயண நாள்கள், செலவு என்ற அளவில் நின்றுவிடுகிறது. மொழியியல் படித்த எனக்கு அந்நகரம் வேறொரு காரணத்தால் முக்கியமானது. அண்டை நாட்டு மொழிகளைக் கற்பதற்கென்றே ஒரு கல்லூரியை நிறுவிய அதே நகரில், நாற்பதே ஆண்டுகளில் அம்மொழிகளைப் பேசியவர்களும் கற்பித்தவர்களும் துடைத்தகற்றப்பட்டனர். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பெயர். 1860 ஜூலையில் ‘மன்ஜூர்’ என்ற போக்குவரத்துக் கப்பல் ஒரு சிறு படைப்பிரிவை இக்கரையில் இறக்கியது. அப்பகுதியைச் சட்டப்படி ரஷ்யாவுக்கு உரியதாக்கிய பெய்ஜிங் உடன்படிக்கை அவ்வாண்டு நவம்பரில்தான் கையெழுத்தானது. படை முந்தியது, பத்திரம் பிந்தியது. ‘கிழக்கை ஆள்’ என்னும் பொருள் தரும் பெயர், காகசஸ் பகுதியில் ஏற்கெனவே இருந்த விளாடிகாவ்காஸ் என்ற ஊர்ப்பெயரை அச்சாகக் கொண்டு வார்க்கப்பட்டது. சீனர்கள் இவ்விடத்தை ஹைஷென்வாய் என்றனர். ‘ஹைஷென்’ என்பது கடல் அட்டை; மன்னார் வளைகுடாவிலிருந்தும் சீனச் சந்தைக்குச் சென்ற பண்டம்தான். சீனப் பெயர் அக்கரையில் கிடைப்பதைச் சொன்னது. ரஷ்யப் பெயரிலோ அந்த இடமே இல்லை, ஓர் ஆணை மட்டுமே இருந்தது.

ஆனால் தெருவில் அந்த ஆணை செல்லுபடியாகவில்லை. சீனத் தொழிலாளரும் வணிகரும் நெருங்கி வாழ்ந்த ‘மில்லியோன்கா’, கொரியரின் ‘சின்ஹான்சோன்’ எனப்பட்ட புதிய கொரியக் குடியிருப்பு, ஜப்பானியக் கடைகள் ஆகியவை சேர்ந்ததே அன்றைய நகரம். சந்தையில் இவர்களை இணைத்தது ரஷ்ய–சீனக் கலப்பு மொழி. மங்கோலிய எல்லையிலுள்ள கியாக்தா வணிகத்தில் உருவாகி, பின்னர் கிழக்கே பரவிய பேச்சு அது. அதில் ‘நான்’ என்பதற்கு ‘என்னுடைய’ என்று பொருள்படும் ரஷ்யச் சொல்லே வரும். வினைச்சொல் ஏவல் வடிவிலேயே நிற்கும். செயப்படுபொருள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் அமையும். கடைசி இயல்பு தமிழ் பேசுவோருக்குப் புதிதல்ல, ரஷ்யர்களின் காதுக்கு அது வேடிக்கையாக ஒலித்தது. கேலிக்குரிய உடைந்த ரஷ்யமாகவே அதை நெடுங்காலம் பார்த்தார்கள். தனக்கென இலக்கணம் கொண்ட மொழியாக அதை ஏற்பதற்குத் தாமதமாயிற்று.

1891 மே மாதத்தில் இளவரசர் நிக்கோலாய் இங்கே சைபீரிய இருப்புப்பாதைக்கு அடிக்கல் நாட்டினார். இந்தியா, இலங்கை வழியாகக் கீழ்த்திசைப் பயணம் மேற்கொண்டு, ஜப்பானில் ஒரு காவலரின் வாள்வெட்டுக்குத் தப்பி வந்திருந்த நேரம் அது. 1897இல் கபரோவ்ஸ்க் வரை பாதை முடிந்தது. 1903 முதல் மஞ்சூரியா வழியே மேற்குடன் இணைப்பு ஏற்பட்டது. முழுவதும் ரஷ்ய மண்ணிலேயே செல்லும் பாதை, அமூர் ஆற்றுப் பாலம் திறக்கப்பட்ட 1916இல்தான் நிறைவெய்தியது. மாஸ்கோவிலிருந்து 9288 கிலோமீட்டர் என்ற எண்ணைத் தாங்கிய கம்பம் இன்றும் நிலையத்தில் நிற்கிறது.

இருப்புப்பாதை ஒருபுறம் வளர, அண்டை நாடுகளுடன் பேசத் தெரிந்த அதிகாரிகளும் தேவைப்பட்டனர். 1899இல் கீழ்த்திசை நிறுவனம் தொடங்கப்பட்டது. ரஷ்யத் தூரகிழக்கின் முதல் உயர்கல்வி நிறுவனம் அதுவே. மங்கோலிய அறிஞர் அலெக்செய் போஸ்த்னேயெவ் அதன் முதல் இயக்குநர். சீனமும் ஆங்கிலமும் எல்லோருக்கும் கட்டாயம். இரண்டாம் ஆண்டிலிருந்து ஜப்பானியம், கொரியம், மங்கோலியம், மஞ்சு ஆகியவற்றுள் ஒன்று சேரும். ஸ்பால்வின் ஜப்பானியத்தையும், போட்ஸ்டாவின் கொரியத்தையும், ருதக்கோவ் மஞ்சுவையும் கற்பித்தனர். தாய்மொழியாளர்களும் உடனிருந்து பயிற்றுவித்தனர். கோடை விடுமுறையில் மாணவர்கள் அந்தந்த நாடுகளுக்கே அனுப்பப்பட்டனர். இன்றைய பல்கலைக்கழகங்கள் பொறாமைப்படத்தக்க பாடத்திட்டம் என்றே சொல்வேன்.

இந்தப் பாராட்டை அப்படியே விட்டுவிடவும் முடியாது. வகுப்பறையில் படை அதிகாரிகளும் உட்கார்ந்திருந்தனர். 1904–05 போரில் இங்கே பயின்றோர் மொழிபெயர்ப்பாளர்களாயினர். ருதக்கோவ் 1901இல் முக்டென் அரண்மனை நூலகத்தை ஆராய முடிந்ததற்குக் காரணம், முந்தைய ஆண்டில் ரஷ்யப் படை அந்நகரைக் கைப்பற்றியிருந்ததே. புலமை மெய்யானது, அதற்கு வாயில் திறந்துவிட்டது துப்பாக்கி. இரண்டில் ஒன்றை மறைத்து எழுதப்படும் வரலாறுகளை நான் நம்புவதில்லை.

1920இல் நிறுவனம் தூரகிழக்கு அரசுப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. 1923 முதல் ‘சொன்போங்’ என்ற கொரியச் செய்தித்தாள் நகரில் வெளிவந்தது. 1931இல் கொரிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் தோன்றியது. மொழி உரிமைகளில் சோவியத் ஆட்சியின் நல்ல காலம் அது. பிறகு அச்சம் தலையெடுத்தது. 1936இல் மில்லியோன்கா காலிசெய்யப்பட்டது. 1937 ஆகஸ்ட் 21 அன்று ஸ்டாலினும் மோலதோவும் ஒப்பமிட்ட ஆணை, ஜப்பானிய உளவைத் தடுப்பதாகக் கூறி எல்லைப்புறக் கொரியர்களை வெளியேற்றச் சொன்னது. அக்டோபர் 25 அறிக்கையின்படி 124 தொடர்வண்டிகளில் 1,71,781 பேர் கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் ஏற்றிச்செல்லப்பட்டனர். கொரியக் கல்லூரியும் கஜகஸ்தானின் கிசிலோர்தாவுக்குப் போயிற்று. 1938இல் அதன் பயிற்றுமொழி ரஷ்யமாக்கப்பட்டது. செய்தித்தாள் அங்கே ‘லெனின் கொடி’ என்ற பெயரில் மறுபடி வந்தது. ஜப்பானையும் சீனாவையும் ஆராய்ந்த கார்ன்ஸ்கி 1938 ஏப்ரலில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1939இல் பல்கலைக்கழகமே மூடப்பட்டது. அயல்மொழி அறிவு எதற்காக ஊட்டப்பட்டதோ, அதுவே உளவுக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

பல்கலைக்கழகம் 1956இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் பழைய ஆசிரியர் மரபு அதற்குள் அறுந்துபோயிருந்தது. 1958 முதல் 1991 வரை நகரத்துக்குள் அயல்நாட்டினர் நுழைய முடியாது. ஜப்பானுக்குக் கப்பலேற வந்த பயணிகள் அருகிலுள்ள நகோத்கா துறைமுகத்துக்கே சென்றனர். கீழ்த்திசை மொழிகளைக் கற்பிக்கும் நகரில் அம்மொழிகளைப் பேசும் ஒருவரைத் தெருவில் எதிர்கொள்வது அரிதாயிற்று.

மனிதர்களுக்குப் பிறகு பெயர்களின் முறை வந்தது. 1969இல் தமான்ஸ்கி தீவில் சீனாவுடன் மோதல் நிகழ்ந்தது. அதையொட்டி 1972இல் சுற்றுவட்டாரத்தின் பழம்பெயர்கள் கூட்டமாக மாற்றப்பட்டன. சுச்சான் பர்திசான்ஸ்க் ஆயிற்று, இமான் தல்னெரெச்சென்ஸ்க் ஆயிற்று, தெத்யூகே தல்னெகோர்ஸ்க் ஆயிற்று. சுய்ஃபுன் ஆற்றுக்கும் ரஸ்தோல்னயா என்ற ரஷ்யப் பெயர் சூட்டப்பட்டது.

பல்கலைக்கழகம் இப்போது ரஸ்கி தீவில், 2012 ஏபெக் மாநாட்டுக்காக எழுப்பப்பட்ட வளாகத்தில் இயங்குகிறது. புஷ்கின் தெருவிலுள்ள பழைய கட்டடத்தின் வாயிலில் சீனக் கல் சிங்கங்கள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. 2023இல் சீனாவின் இயற்கைவள அமைச்சகம் புதிய வரைபட விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி, அந்நாட்டில் அச்சாகும் வரைபடங்களில் விளாடிவோஸ்டாக் என்ற பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், ஹைஷென்வாய் என்றும் எழுத வேண்டும்.