வைய விரிவு வலை
இணையத்தின் வழியே, இணைப்புகளால் கோக்கப்பட்ட பக்கங்களை வழங்கும் தகவல் அமைப்பு. இணையம் கணினிகளைப் பிணைக்கும் வலையமைப்பு. வலை அதன்மேல் இயங்கும் சேவைகளுள் ஒன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பரவலான பிழை.

செயல்முறை: எடுத்துக்காட்டாக, அருப்புக்கோட்டை அல்லது திருச்சுழி வட்டத்து மானாவாரி விவசாயி ஒருவர் கைப்பேசியில் தமிழக அரசின் பட்டா-சிட்டா (நில ஆவணங்கள்) தளத்தைத் திறக்கும்போது, உலாவி முதலில் களப்பெயர் முறைமையிடம் தளத்தின் ஐ.பி. எண்ணைப் பெறுகிறது. அந்த எண்ணுக்குரிய வழங்கிக்கு மறையாக்கம் செய்த கோரிக்கை செல்கிறது. வழங்கி, கிராமமும் பட்டா எண்ணும் கொண்டு தரவுத்தளத்தில் தேடி, விடையைப் பக்கமாக அனுப்புகிறது. தரவு சிறு பொட்டலங்களாக வருகிறது. தவறியவை மீண்டும் அனுப்பப்படும். சிக்னல் மெலிந்த கரிசல் ஊர்களில் பக்கம் தாமதமானாலும் சிதையாமல் வந்துசேர்வது இதனால்தான்.

வரலாறு: 1989இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையை முன்மொழிந்தார், 1993இல் அது உரிமத்தொகையின்றிப் பொதுவாக்கப்பட்டது. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம், வலையை அணுகத் தேவையான இணையச் சேவையைப் பொதுமக்களுக்குத் தொடங்கியது.