அடங்கி இருப்பது ஈடுபாடு அல்ல: எமது வேலைத்தளங்களில் நல்ல முகாமையாளராக இருப்பது எப்படி?

போர் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் ஆடைத் தொழிற்சாலைகள், வங்கிக் கிளைகள், தனியார் மருத்துவமனைகள், பல்பொருள் அங்காடிகள் எனப் பல வேலைத்தளங்கள் வந்துள்ளன. பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் அரிசி ஆலைகளும் அதற்கு முன்பிருந்தே இயங்கி வருகின்றன. இவற்றை நடத்துபவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான். "பிள்ளைகள் நிற்கினம் இல்லை. வேலை பழக்கிவிட, ஆறு மாதத்தில போயிடுதுகள்." 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வெளிநாடு போவோரின் தொகை கூடியதோடு இந்த முறைப்பாடும் கூடிவிட்டது.

சம்பளம் போதாமை இதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், வன்னியில் ஊழியர் நிர்வாகத்தோடு பல வருடங்களாகப் பழகியவன் என்ற வகையில் நான் கண்ட இன்னொரு காரணமும் உண்டு. வேலையை விட்டுப் போகிறவர் போவதற்கு முதல்நாள் வரை ஒரு சொல்லும் சொல்வதில்லை. "ஓம் சேர், ஒரு பிரச்சினையும் இல்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். சோதனைச் சாவடிகளையும் முகாம்களையும் விசாரணைகளையும் கடந்து வந்த மக்கள் நாங்கள். வாய் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்பது எமக்குள் ஊறிவிட்டது. அந்த "ஓம்" என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிற முகாமையாளர்தான் ஆட்களை இழக்கிறார்.

ஊழியர் ஈடுபாடு பற்றி அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் கான் 1990 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. ஒருவர் தன் வேலையில் முழுமனதோடு ஈடுபட மூன்று நிலைமைகள் வேண்டும் என்று அவர் கண்டார். செய்யும் வேலைக்கு அர்த்தம் இருக்கவேண்டும். தன் கருத்தை வெளிக்காட்டினால் பாதிப்பு வராது என்ற பாதுகாப்புணர்வு இருக்கவேண்டும். உடலும் மனமும் வேலைக்கு ஒத்துழைக்கக்கூடிய நிலையில் இருக்கவேண்டும். எமது மண்ணில் இந்த மூன்றும் இயல்பாகவே கிடைத்துவிடுவதில்லை. முகாமையாளர்தான் அவற்றை உருவாக்கவேண்டும்.

முதலில், கொடுக்கவேண்டியதைக் கொடுங்கள்

சட்டப்படி சேரவேண்டியதைக் கொடுக்காமல் ஊக்கப்படுத்தல் கூட்டம் வைப்பதில் பயனில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 வீதம், தொழில்வழங்குநரின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்வழங்குநர் மட்டும் 3 வீதம் செலுத்தவேண்டும். அதை ஊழியரின் சம்பளத்தில் வெட்ட முடியாது. 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவருக்கு, 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பணிக்கொடை உண்டு. கடைகளிலும் அலுவலகங்களிலும் சாதாரண வேலைநேரம் வாரத்துக்கு 45 மணித்தியாலம்.

சம்பளத் துண்டில் இந்தக் கணக்குகள் தனித்தனி வரியாகத் தமிழில் இருக்கட்டும். நியமனக் கடிதமும் எச்சரிக்கைக் கடிதமும் அப்படியே. விளங்காத மொழியில் உள்ள கடிதத்தில் கையெழுத்து வைக்கச் சொல்லும்போது பழைய பயம் திரும்பி வரும்.

இன்னொன்றும் செய்யலாம். இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்த பலருக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர் எழுத்தும் சேமலாப நிதிப் பதிவில் வேறொன்றுமாக இருக்கும். பணம் எடுக்கும் காலத்தில்தான் அது தெரியவரும். வேலையில் சேரும்போதே பெயரையும் பின்னுரித்தாளர் விபரத்தையும் சரிபார்த்துக் கொடுங்கள். அரை மணித்தியால வேலைதான். ஆனால், "இவர்கள் எங்களுடைய நாளையைப் பற்றியும் யோசிக்கினம்" என்ற எண்ணத்தை அது ஏற்படுத்தும்.

பேசினால் ஆபத்தில்லை என்று காட்டுங்கள்

எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போடுவதை நிறுத்துங்கள். திடீரென உயரும் குரல் கேட்டால் கை நடுங்குகிறவர்கள் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். பிழையைத் தனியே, அன்றைக்கே, வேலையைப் பற்றி மட்டும் பேசித் திருத்துங்கள். "நீ எப்பவும் இப்பிடித்தான்" என்பதால் எதுவும் திருந்தாது. "நேற்றைய 40 பெட்டியில 3 இல லேபல் மாறியிருக்கு தங்கச்சி, எப்பிடி நடந்தது?" என்று கேட்டால் காரணம் வெளிவரும்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொருவரோடும் 15 நிமிடம் இருந்து கதையுங்கள். மூன்று கேள்விகள் போதும். வேலையில் எது இடைஞ்சலாக இருக்கிறது? நான் எதை மாற்றலாம்? போனமுறை நீங்கள் சொன்ன விடயம் நடந்ததா? மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம். செய்ய முடியாததை ஏன் முடியாது என்று நேரே சொல்லிவிடுங்கள். பதில் இல்லாமல் விடுவதுதான் அடுத்தமுறை வாயை மூடவைக்கும்.

நேர்முகத் தேர்வில் வேலைக்குத் தேவையானதை மட்டும் கேளுங்கள். போர்க்காலத்தில் எங்கே இருந்தீர்கள், வீட்டில் யார் இல்லை என்பவை முகாமையாளருக்கு வேண்டாத கேள்விகள். ஒருவர் தானாகச் சொன்னால் கேளுங்கள். அது உங்களோடு நிற்கட்டும். ஓர் இடத்தில் ஒரு பெண் லீவு கேட்ட காரணத்தை மேற்பார்வையாளர் சாப்பாட்டு அறையில் சொல்லிச் சிரித்ததை நான் அறிவேன். அதன் பின்னர் அந்தப் பிரிவில் ஒருவர்கூட உண்மையான காரணம் சொல்லி லீவு கேட்கவில்லை.

பெண்கள் வேலைசெய்யும் இடத்தில் முறைப்பாட்டை ஏற்க ஒரு பெண் உத்தியோகத்தர் இருக்கவேண்டும். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்கீழ் குற்றம் என்பதை அறிவித்தல் பலகையில் போடுங்கள்.

உடலும் மனமும் வேலைக்கு வர வழிசெய்யுங்கள்

உடலில் இன்னும் எறிகணைச் சிதறல் உள்ளவர்கள், செயற்கைக் கால் பொருத்தியவர்கள் எம்மோடு வேலை செய்கிறார்கள். "என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள். "என்ன வசதி வேணும்?" என்று கேளுங்கள். ஒரு கதிரை, இடையில் பத்து நிமிட ஓய்வு, மாடிக்குப் பதில் கீழ்த்தளம் என்று பெரும்பாலும் சிறிய விடயமாகத்தான் இருக்கும்.

கடைசி பஸ்ஸின் நேரத்தைத் தெரிந்துகொண்டு மேலதிக வேலையைத் திட்டமிடுங்கள். தனித்துக் குடும்பத்தைத் தாங்கும் தாய்மாருக்குப் பாடசாலை நேரம் தெரிந்த முறைமாற்றம் வேண்டும். மே 18, நவம்பர் 27 ஆகிய நாட்களை ஒட்டி லீவு கேட்பார்கள் என்பது தெரிந்ததுதானே. முன்கூட்டியே அட்டவணை போடுங்கள். காரணம் எழுதச் சொல்லாதீர்கள்.

நுண்கடன் சுமையும் வேலைத்தளம் வரை வருகிறது. சம்பளத் திகதி ஒருநாளும் பிந்தக்கூடாது. முற்பணம் கொடுப்பதானால் எல்லோருக்கும் ஒரே விதி, எழுத்தில் இருக்கட்டும்.

வேலைக்கு அர்த்தம் கொடுங்கள்

செய்கிற பொருள் எங்கே போகிறது, யார் பாவிக்கிறார்கள் என்று சொல்லுங்கள். புதிய விதி கொண்டுவந்தால் காரணத்தையும் சொல்லுங்கள். "நல்லாச் செய்தீர்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், எதை நன்றாகச் செய்தார் என்று பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.

பதவி உயர்வுதான் இங்கே பெரிய சோதனை. ஊர், சாதி, உறவு பார்த்து உயர்த்தினார்கள் என்ற சந்தேகம் எழுந்தால் நல்ல ஊழியர் மனதால் அன்றைக்கே விலகிவிடுவார். தகுதிகளை முதலே எழுதி ஒட்டுங்கள். கிடைக்காதவரைக் கூப்பிட்டு, அடுத்தமுறை பெறுவதற்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்லுங்கள்.

திறமையான தையல்காரரையோ காசாளரையோ ஒரே நாளில் மேற்பார்வையாளராக்குகிறோம். ஆட்களோடு பழகும் பயிற்சியை யாரும் கொடுப்பதில்லை. ஊழியருக்கு நிறுவனம் என்பது அந்த மேற்பார்வையாளரின் முகம்தான். முதலில் அவரைப் பயிற்றுங்கள்.

மாதம் மூன்று எண்கள்

ஒரு கொப்பியில் மாதாந்தம் மூன்று எண்களை எழுதி வாருங்கள். சேர்ந்து ஆறு மாதத்துக்குள் விலகியவர் எத்தனை? ஊழியர் சொன்ன குறைகள் எத்தனை? அவற்றில் தீர்த்தவை எத்தனை? குறைகளின் எண்ணிக்கை பூச்சியம் என்றால் மகிழ வேண்டாம்; அது அச்சத்தின் அளவாகவும் இருக்கலாம். நல்ல முகாமையாளர் வந்தவுடன் முதலில் கூடுவது அந்த எண்தான். விலகுவோர் தொகை அதற்குப் பிறகுதான் குறையத் தொடங்கும்.

கட்டளைக்குப் பணிய எமது மக்களுக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. நினைத்ததைச் சொல்லிவிட்டு மறுநாளும் நிம்மதியாக வேலைக்கு வரலாம் என்ற அனுபவம்தான் அவர்களுக்குக் குறைவாகக் கிடைத்திருக்கிறது. அதைக் கொடுக்கிற வேலைத்தளத்தை விட்டுப் போக அவர்கள் இலகுவில் மனம் வைக்கமாட்டார்கள்.