பங்களாக் கண்ணாடி லயத்துக்கு வந்த கதை

பட்டிப்பொல புகையிரத நிலையத்தில் இறங்கி நின்றால் 6,226 அடி உயரத்தில் நிற்கிறீர்கள். இலங்கையின் புகையிரதப் பாதையில் இதைவிட உயரமான நிலையம் வேறில்லை. 1885இல் நானுஓயா வரை வந்த தண்டவாளம், இந்த முகட்டைக் கடந்து 1893இல் அப்புத்தளையை எட்டியது. தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்கிய இந்தப் பாதையில்தான், துரைமார் பங்களாவுக்கு வேண்டிய சீமைச் சாமான்கள் மேலே ஏறின. அவற்றுள் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

போன வருடம் என் தங்கச்சிக்கு ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடொன்று கிடைத்தது. சுவர் காய்வதற்குள் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, குளிக்கிற அறைக்குக் கண்ணாடி வைக்கணும். அழகா இருக்கணும். எப்படி வைக்கலாம்னு யோசிச்சுச் சொல்லுங்க." எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. வீட்டில் இன்னும் கட்டில்கூட இல்லை! பிறகுதான் உறைத்தது. எங்கள் குடும்பத்தில் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கப் போகும் முதல் பெண் அவள்.

லயத்தில் குளியலறை ஏது? பீலிக்கரைதான். குறுக்குக் கட்டிக்கொண்டு, விடிவதற்கு முன்போ பொழுது சாய்ந்த பின்போ, பனியில் பல் கிட்டக் கிட்டக் குளித்துவிட்டு ஓடி வருவார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் அடுப்புப் புகையும் இருட்டும். ஆகவே முகம் பார்க்கும் கண்ணாடி எப்போதும் வெளியே, இஸ்தோப்புத் தூணில் தொங்கும். பெரட்டுக்குப் போகுமுன் தலை வாருகிறவளை லயமே பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்கள் அம்மாயி துரை பங்களாவில் வாசல் கூட்டியவள். குளியலறையைக் கழுவ உள்ளே போவாள். அங்கே ஜன்னலுக்கு நேர் எதிரே சுவரளவு கண்ணாடி. வைக்கோல் பொதிந்த பெட்டியில் ரயிலேறி வந்ததாம். தன் உருவத்தை முழுதாகப் பார்த்தது அங்கேதான் என்பாள். முதல் நாள் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்து, "சலாங்க" என்று ஒதுங்கி நின்றாளாம்.

ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி என்பது பழைய உத்தி. பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில் 1678இல் தொடங்கி 1684இல் முடித்த மண்டபத்திலே, தோட்டத்தை நோக்கிய 17 ஜன்னல்களுக்கு எதிரே 17 கண்ணாடி வளைவுகள். மொத்தம் 357 கண்ணாடிகள். அரசனின் ஆடம்பரம்தான். ஆனாலும் பகலில் வெயிலையும் இரவில் மெழுகுவர்த்தியையும் அவை இரட்டிப்பாக்கின. அந்நாளில் கண்ணாடியின் முதுகில் ஈயமும் பாதரசமும் கலந்து பூசுவார்கள். வெள்ளீயம் என்று சொல்வதே சரி. அந்தப் பாதரச ஆவி, பூசிய தொழிலாளரின் உடலைக் கெடுத்தது. 1835இல் லீபிக் என்ற ஜெர்மானிய இரசாயன அறிஞர் வெள்ளியை மெல்லிய படலமாகப் படியவைக்கும் வழியைக் கண்டார். அதன் பிறகுதான் கண்ணாடி அரண்மனையை விட்டு மெல்ல மெல்லச் சாதாரண வீட்டுக்கு இறங்கி வந்தது.

எங்கள் லயத்துக்கு அது 1975இல் வந்தது, உடைந்து. கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருடம். துரை பெட்டி கட்டும்போது அந்தக் கண்ணாடி கை நழுவி விழுந்துவிட்டது. குப்பைக்குப் போகவிருந்த துண்டுகளைச் சமையற்கார அப்புவும் அம்மாயியும் சாக்கில் அள்ளி வந்தார்கள். உடைந்த கண்ணாடி வீட்டுக்கு ஆகாது என்று கிழவிகள் கூச்சலிட்டார்கள். முந்திய இரண்டு வருடப் பஞ்சத்தில் மரவள்ளிக்கும் வழியில்லாமல் கிடந்தோம், இதைவிட என்ன தரித்திரம் வரப்போகிறது என்று கேட்டாளாம் அம்மாயி. துண்டுகளின் விளிம்பை அம்மியில் தண்ணீர் விட்டுத் தேய்த்து மழுக்கி, ஒன்பது வீட்டுக்குப் பங்கிட்டாள். இராத்திரியில் குப்பிலாம்பை அதன் முன்னால் வைத்துத்தான் என் அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். வெர்சாய் என்ற பெயரை அவர்கள் கேட்டதில்லை.

தங்கச்சி வீட்டுக்கு வருவோம். ஒரு சாணளவு ஜன்னல்தான் இருந்தது. அதற்கு நேர் எதிரே கண்ணாடியை வைத்தோம். அறை அகலமாகிவிட்டது போலிருந்தது. சுவரோடு ஒட்டவில்லை, விரல் நுழைய இடைவெளி விட்டு, விளிம்புக்கு வார்னிஷ் பூசினோம். பட்டிப்பொலப் பனி ஈரம் விளிம்பு வழியே நுழைந்தால் பின்னாலிருக்கும் வெள்ளி கறுத்துப் புள்ளி விழுந்துவிடும். வெந்நீர் ஊற்றிக் குளித்தால் குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படிந்து முகம் மறையும். அதற்குச் சவர்க்காரத்தை இலேசாகத் தடவி உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் போதும். கடைக்காரர் விளக்குப் பதித்த கண்ணாடியும் காட்டினார். விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டோம்.

அம்மாயியின் பங்குத் துண்டு அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்தது. மூன்று மூலை, ஓரமெல்லாம் கறுப்பு. அதைச் சுற்றி உடைந்த பீங்கான் ஓடுகளைப் பூப்போலச் சீமெந்தில் பதித்து, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தாழ்வாக வைத்தாள் தங்கச்சி. ஏன் அவ்வளவு கீழே என்று கேட்டேன். அவளுடைய நான்கு வயது மகளுக்குப் பெரிய கண்ணாடி எட்டாது. கதவைச் சாத்திக்கொண்டு அவள் அந்தத் துண்டுக்குத்தான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். வெளியே வரச் சொன்னால் வருவதில்லை.