மூவாயிரத்தில் ஒருவர்

நீலகிரி மலையின் வடக்கு அடிவாரத்தில், முதுமலைக் காட்டை ஒட்டி மசினகுடி அமைந்துள்ளது. அருகிலுள்ள சிங்காராவில் 1932ஆம் ஆண்டு பைக்காரா நீர்மின் நிலையமும், பின்னர் 1952ஆம் ஆண்டு அருகிலுள்ள மாயாற்றில் மற்றொரு மின் நிலையமும் இயங்கத் தொடங்கின. இருளரும் குறும்பரும் வாழ்ந்த இக்காட்டோரத்துக்கு வெளியூர்த் தொழிலாளர் வந்தனர். வேலை தேடிப் போகிறவருக்கு முன்னரே போன உறவினர் வழிகாட்டுவது வழக்கம். தன்னைப் போன்ற ஒருவரைத் தேடிப் போகிறவருக்கு யார் வழிகாட்டுவார்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள் ஏறத்தாழ 7.21 கோடி. அவர்களுள் ஆண், பெண் என்று குறிக்கப்படாமல் 'மற்றவர்' எனப் பதிவானோர் 22,364 பேர். அதாவது சுமார் 3,200 பேருக்கு ஒருவர். வெளியே சொல்லாதவர்களும் இருப்பார்கள் என்றாலும், ஒரு சிற்றூரில் திருநங்கை ஒருவர் தனியாளாகவே வளர நேரும் என்பது தெளிவு. தம் உணர்வுக்கு ஒரு பெயர் உண்டு என்பதையே அவர் அறிந்திருக்க மாட்டார்.

இத்தனிமையைப் போக்கியவை இரண்டு. ஒன்று, கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் சித்திரைத் திங்களில் நடைபெறும் கூத்தாண்டவர் திருவிழா. பல மாநிலங்களிலிருந்தும் திருநங்கையர் அங்கே கூடுகின்றனர். மற்றொன்று, மும்பை, டெல்லி போன்ற நகரங்களில் உள்ள ஜமாத். அங்கே குரு தாயாகிறார், சேலா மகளாகிறார். வீடு கைவிட்டவருக்கு உறவும் உறைவிடமும் கிடைக்கின்றன. ஆனால் அதற்கு விலையும் உண்டு. பலருக்குப் பிச்சையோ பாலியல் தொழிலோ தவிர வேறு பிழைப்பு வாய்க்கவில்லை.

பிற நாடுகளிலும் இவ்வாறு நிகழ்ந்துள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கச் சிற்றூர்களிலிருந்து இளைஞர் பலர் படைக்குச் சென்றனர். அவர்களுள் தம் பாலினரையே விரும்பியவர்கள், தம்மைப் போன்றோரைச் சந்தித்தனர். போர் முடிந்தபின் சிலர் ஊர் திரும்பாமல் சான் பிரான்சிஸ்கோ போன்ற துறைமுக நகரங்களிலேயே தங்கினர்.

நகரம் இவர்களுடைய இயல்பை உண்டாக்கவில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். அது தந்தவை துணையும், பெயரும், குரலும்தாம். நாமக்கல் பகுதியில் பிறந்து டெல்லி, மும்பை, பெங்களூர் என வாழ்ந்த ரேவதி, திருநங்கையர் வாழ்வைத் தமிழில் நூலாக்கினார். 2008ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் இவர்களுக்கென நலவாரியம் அமைந்தது. 2014ஆம் ஆண்டு, தம் பாலினத்தைத் தாமே கூறும் உரிமையை உச்சநீதிமன்றம் ஏற்றது.

மாணவர்களே! ஆயிரம் பேர் படிக்கும் பள்ளிகள் மூன்றைச் சேர்த்தால் நம் கணக்கின்படி அங்கே ஒருவர் இருக்கக்கூடும். அவர் படிப்பை முடிப்பதும், பாதியில் இரயிலேறுவதும் பெரும்பாலும் உடன் படிப்பவர்கள் அவரை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.