அச்சகம் எவர் கையில்?

1940ஆம் ஆண்டில் பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தமக்கென ஒரு சபையைத் தாமே தேர்ந்தெடுத்தனர். அதனைக் கலந்து நடப்பதாகத் துரையும் இணங்க நேர்ந்தது. அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. லயத்து மக்கள் படைத்த இவ்வரலாற்றை நாடறியச் சொல்லும் அச்சகம் எவரிடம் இருந்தது?

மூன்று மொழிகளிலும் ஓங்கி நின்றது செல்வந்தர் டி. ஆர். விஜேவர்தனவின் ஏரிக்கரை நிறுவனம். 1918இல் ‘சிலோன் டெய்லி நியூஸ்’, 1932இல் ‘தினகரன்’ என அது வளர்ந்தது. தொழிலாளர் பக்கம் நின்றவையோ சிற்றேடுகள். 1920களில் கோ. நடேசய்யர் ‘தேசபக்தன்’ நடத்தினார். சமசமாஜிகள் ‘சமதர்மம்’ வெளியிட்டனர். 1940 ஜூனில் சமசமாஜத் தலைவர்கள் சிறைப்பட்டனர். அவர்களது அச்சகத்துக்கும் முத்திரையிடப்பட்டது.

1947இல் பதுளையில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேட்பாளரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தோட்ட மக்கள், 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் இழந்தனர். அச்சட்டங்களை இயற்றிய ஐக்கிய தேசியக் கட்சியின் உறுதியான துணை, ஏரிக்கரை நிறுவனமே. விஜேவர்தனவின் சகோதரி மகன் ஜே. ஆர். ஜயவர்தன அவ்வரசில் நிதியமைச்சர்.

1973இல் சிறிமாவோ அரசு அந்நிறுவனத்தின் 75 சதவீதப் பங்குகளைச் சட்டத்தால் கைக்கொண்டது. முதலாளி அகன்றார், அவர் நாற்காலியில் அரசு அமர்ந்தது. ஆட்சி மாறுந்தோறும் ஆசிரியபீடமும் மாறலாயிற்று. தனியுடைமை ஒழிந்த மாத்திரத்தில் பேனா விடுதலை பெற்றுவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தலைப்பைப் படிக்கும் மாணவன் உரிமையாளர் பெயரையும் சேர்த்துப் படிக்கட்டும். அதைக் கற்பிப்பது ஆசிரியர் கடன்.