கடற்படுகையும் கருத்தொருமையும்: ஷேர்ளி அமரசிங்கவின் இராசதந்திரப் பணி

படைபலமும் பொருள்வளமும் குன்றிய சிறு நாடொன்றின் இராசதந்திரி உலக அரங்கில் எதனைத் துணைக்கொண்டு செல்வாக்குப் பெறுகிறார்? ஹமில்டன் ஷேர்ளி அமரசிங்கவின் (1913–1980) பணியை இவ்வினாவின் அடிப்படையில் நோக்குவது பயன்தரும்.

கொழும்பு றோயல் கல்லூரியிலும் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்ற அமரசிங்க, 1937இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார். குடியேற்ற ஆட்சியை நடத்துதற்கென அமைந்த அச்சேவையிலிருந்தே சுதந்திர இலங்கை தன் இராசதந்திரிகள் பலரைப் பெற்றமை குறிப்பிடத்தக்கது. இந்தியாவில் உயர்ஸ்தானிகராகக் கடமையாற்றிய அவர், 1967இல் ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கையின் நிரந்தரப் பிரதிநிதியானார்.

அதே ஆண்டு நவம்பரில் மால்டாவின் பிரதிநிதி அர்விட் பார்டோ, நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடற்படுகையை மனிதகுலத்தின் பொது மரபுரிமையாகக் கொள்ளவேண்டுமெனப் பொதுச்சபையில் வாதிட்டார். ஆழ்கடற் கனிமங்களை அகழும் தொழினுட்பமோ வளர்ச்சியடைந்த சில நாடுகளின் கைவசமே இருந்தது. முந்தியவருக்கே உரிமை என்ற நிலை ஏற்படின், குடியேற்றக் காலத்து நிலப்பங்கீடு கடலடியிலும் மீள நிகழும் என மூன்றாம் உலக நாடுகள் அஞ்சின. இப்பொருள் பற்றி ஆராய 1968இல் அமைந்த குழுவிற்கு அமரசிங்க தலைமை தாங்கினார். 1970 டிசெம்பரில் பொதுச்சபை பொது மரபுரிமைக் கோட்பாட்டைப் பிரகடனஞ் செய்தபோது எதிர்த்து ஒரு வாக்கேனும் அளிக்கப்படவில்லை.

1973இல் தொடங்கிய மூன்றாவது கடற்சட்ட மாநாடும் அவரையே தலைவராகத் தெரிந்தது. 1976இல் அவர் பொதுச்சபையின் தலைவராகவும் விளங்கினார். மாநாட்டில் வளர்முக நாடுகளே பெரும்பான்மையினர். வாக்கெடுப்பில் அவை வெல்வது எளிது. ஆயின், கடற்படைகளையும் அகழ்வு நிறுவனங்களையும் உடைய நாடுகள் ஏற்காத சட்டம் ஏட்டளவிலேயே நின்றுவிடும். இதனாலேயே, கருத்தொருமைக்கான முயற்சிகள் யாவும் முடிந்த பின்னரே வாக்கெடுப்பு என்ற நடைமுறையை மாநாடு கைக்கொண்டது. 1975இல் குழுத் தலைவர்களைக் கொண்டு பேச்சுவார்த்தைக்குரிய ஒற்றை வரைவை ஆக்குவித்ததும் அமரசிங்கவின் தலைமையில் நிகழ்ந்ததே.

1977இல் இலங்கையில் ஆட்சி மாறியது. அதன்பின் அவர் இலங்கைத் தூதுக்குழுவில் இடம்பெறாது போகவே, தலைமையில் நீடிக்கலாமா என்ற வினா 1978 ஜெனீவாக் கூட்டத்தொடரின் தொடக்க நாட்களைக் கவர்ந்துகொண்டது. விவாதத்தின் முடிவில் அவரே தொடர்ந்தார். எந்நாட்டினதும் தூதுக்குழுவைச் சேராத ஒருவரிடம் மாநாடு தன் தலைமையை ஒப்படைத்தது. அவருடைய நடுநிலைமீது பிறர் கொண்ட நம்பிக்கைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1980 டிசெம்பர் 4இல் அவர் காலமானார். சிங்கப்பூரின் டொமி கோ தலைமையேற்றார். அமெரிக்கா வாக்கெடுப்பைக் கோரியதால், 1982 ஏப்பிரலில் சமவாயம் 130 நாடுகளின் ஆதரவுடனும் 4 நாடுகளின் எதிர்ப்புடனும் நிறைவேறியது. 1994இல் அது நடைமுறைக்கு வருமுன், கட்டாயத் தொழினுட்பக் கைமாற்றம் முதலான ஏற்பாடுகள் மற்றோர் உடன்படிக்கையால் நீக்கப்பட்டன. அவ்விட்டுக்கொடுப்பின் பின்னரும் அமெரிக்கா சமவாயத்தில் இணையவில்லை.

எனவே அமரசிங்கவின் பணியை வெற்றி என்றோ தோல்வி என்றோ ஒரு சொல்லில் அடக்குதல் பொருந்தாது. கருத்தொருமை, சிறு நாடுகளின் குரலை வல்லரசுகள் செவிமடுக்கச் செய்தது. வல்லரசுகளின் பொருளியல் நலனை மாற்றும் ஆற்றல் அதற்கு இருக்கவில்லை. ஆழ்கடல் அகழ்வுக்கான விதிகள் பற்றிய விவாதம் 2020களிலும் ஓயாதிருந்தமை, அவர் தலைமையில் எழுந்த வினா இன்னும் தீரவில்லை என்பதையே உணர்த்துகின்றது.